வெள்ளைக் கிறீமும் கறுத்தப் பொட்டும்

சலத்தை, அதுதான் மூத்திரத்தை, சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரித் திரண்டு வரும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாட்டில சேர்ந்த அடுத்த நாள் விடிய, தாதி மிஸ் ஒரு கண்ணாடிக் குழாயில என்ர சலத்தை விட்டு, ஸ்பிரிட் விளக்கில பிடிச்சா. கீழ்ப்பாதி தெளிஞ்ச தண்ணியாவே நிண்டது. சூடு பட்ட மேல்பாதி மெல்ல மெல்ல மங்கி, பேந்து வெள்ளையாத் திரைஞ்சு போச்சு. நான் கட்டிலில இருந்து எட்டி எட்டிப் பாக்கிறன். "மிஸ், என்ன அது?" எண்டு கேட்டன். "உங்கட உடம்பில நிக்கவேண்டிய புரதம். நிக்காமல் வெளியில போய்க்கொண்டிருக்கு" எண்டா. பயம் பிறகுதான் வந்தது. முதல் வந்தது ஆச்சரியம். கோழிமுட்டைக்குள்ள இருக்கிற சாமான் எனக்குள்ளயும் இருக்குதே, கடவுளே!

சுகமாகி வந்த பிறகு ஆர் கண்டாலும் "வதனி, உனக்கு என்ன நடந்தது?" எண்டுதான் கேக்கினம். ஒவ்வொருத்தருக்கும் முதலில இருந்து சொல்லி எனக்கு வாய் உளைஞ்சு போச்சு. அதால எழுதிறன். வாசிச்சுப்போட்டு உங்கட அலுமாரியை ஒருக்காத் திறந்து பாருங்கோ, அது போதும்.

நான் ஆனையிறவு உப்பளத்தில வேலை செய்யிறனான். வீடு முரசுமோட்டையில. என்ர மனுசன் சிவம் வயல் செய்யிறார். கலியாணம் முடிச்சுக் கனகாலம் கோயில் கோயிலாத் திரிஞ்சு பெத்த ஒரே மகள் துளசி, மூண்டு வயசு. உப்பளத்து வெயில் இருக்கே, அது மேலே இருந்து மட்டும் அடிக்காது. கீழே கிடக்கிற உப்பில பட்டுத் திரும்பி வந்து நாடிக்குக் கீழேயும் சுடும். தொப்பி போட்டு, அதுக்கு மேலே துவாயைச் சுத்திக் கட்டினாலும், வருசக்கணக்கா நிண்டால் கறுக்கத்தான் செய்யும். நான் அதைப் பற்றி யோசிச்சதே இல்லை. சிவத்தின்ர தம்பிக்குக் கலியாணம் வந்தது, எனக்குச் சோலி தொடங்கினது.

பொம்பிளை மாப்பிளைக்கு ஆலாத்தி எடுக்கிறதுக்கு என்னைக் கேட்டிருந்தவை. ஆலாத்தி எண்டால் தெரியும்தானே, வீடியோக்காரன் லைட்டைக் கொண்டுவந்து மூஞ்சைக்கு நேரே பிடிப்பான். பொம்பிளை வீட்டுக்காரர் எல்லாம் யாழ்ப்பாணத்துப் பக்கம், நல்ல வெள்ளை. எனக்கு ஒரு ரோசம் வந்திட்டுது. போனில லைவ் போட்டுச் சாமான் விக்கிற ஒரு பொம்பிளையிட்டை முகத்துக்குப் பூசிற கிறீம் ஒண்டு எடுப்பிச்சன். அவா நல்ல கதைகாரி, தன்ர முகத்தையே தடவித் தடவிக் காட்டுவா. பஸ்ஸில பார்சல் வந்தது. சின்ன வெள்ளை டப்பி. ஆர் செய்தது, எங்க செய்தது, உள்ளுக்க என்ன கிடக்கு, ஒரு சொல்லும் எழுதியிருக்கேல்லை. மூடியில தங்க நிறத்தில ஒரு பூ மட்டும் ஒட்டியிருந்தது. எனக்கு அந்தப் பூ போதுமா இருந்தது.

சொன்னால் நம்பமாட்டியள், அது வேலை செய்தது! கொஞ்ச நாளில முகம் வெளுக்கத் தொடங்கிட்டுது. காலமை ஒருக்கா, பின்னேரம் முகம் கழுவிப்போட்டு ஒருக்கா. கண்ணாடிக்கு முன்னால நிண்டு நானே வாயைப் பிளந்து பாத்திருக்கிறன். உப்பு வெயிலில வருசக்கணக்காக் கறுத்ததை இந்தத் துளி சாமான் துடைச்சு விட்டுட்டுதே எண்டு. கலியாணத்தண்டு பாக்காத ஆளில்லை. "ஆரிது, எங்கட வதனியோ?" "எடியே, என்னடி பூசினனீ, வெள்ளைக்காரி மாதிரி நிக்கிறாய்!" நான் ஆலாத்தித் தட்டைப் பிடிச்சுக்கொண்டு வானத்தில மிதந்தன்.

அதுக்குப் பிறகு கனநாள் போகேல்லை. ஒருநாள் காலமை எழும்பினால் கண் திறக்க முடியேல்லை, மடல் ரெண்டும் அதைச்சுப் போய்க் கிடக்கு. பின்னேரம் வத்தும், அடுத்த நாள் திரும்ப வரும். பேந்து கணுக்கால் வீங்கிச்சுது, மெட்டி இறுகிச்சுது. கக்கூசில பாத்தால் சவுக்காரம் கரைச்சு ஊத்தின மாதிரி நுரை. சிவம் ஆஸ்பத்திரிக்கு வா எண்டார். ஜெயா மச்சாள், சிவத்தின்ர தமக்கை, பக்கத்து வளவில இருக்கிறவா, விடேல்லை.

"ஆஸ்பத்திரியோ? உது பட்டப்பகல் மாதிரித் தெரியுது, நாவூறு. அத்தினை சனம் அத்தினை வாயாலயும் சொல்லிச்சுதுகள், வெள்ளை வெள்ளை எண்டு. படாதோ?"

எனக்கும் அது சரியாத்தான் பட்டது. என்னைப் புகழ்ந்தது கலியாணத்தில, வீங்கினது அதுக்குப் பிறகு. வேறை என்ன கணக்கு வேணும்? மச்சாள் செத்தல் மிளகாய், உப்பு, வேப்பமிலை, முச்சந்தி மண் எல்லாம் எடுத்து என்னையும் மடியில இருந்த துளசியையும் சேத்துச் சுத்தி, எங்களைத் துப்பச் சொல்லி, கொண்டுபோய் அடுப்பில போட்டா. மிளகாய் எரியேக்க கமறி இருமல் வந்தால் நாவூறு இல்லை. வராட்டில் பெரிய நாவூறு. குசினி முழுக்கப் புகை, எனக்கு ஒரு இருமல் வரேல்லை. பிள்ளைக்கும் வரேல்லை.

"பாத்தியே! பிள்ளைக்கும் கிடக்கு. பொட்டைப் பெரிசா வை" எண்டா.

வைச்சன். எங்கட வீட்டுக் கறுத்தப் பொட்டு, சவ்வரிசியைக் கருக வறுத்துக் காய்ச்சி சிரட்டையில ஊத்திக் காயவைச்சது. ஒரு சொட்டுத் தண்ணி விட்டு விரலால உரைச்சு எடுக்கவேணும். காலமையில நான் முகத்துக்குக் கிறீமைப் பூசி முடிப்பன், துளசி வந்து முன்னால நிப்பாள். அதே கையோட சிரட்டையில உரைச்சு, நெத்தியில ஒண்டு, கன்னத்தில ஒண்டு, உள்ளங்காலில ஒண்டு. மச்சாள் சொன்ன பிறகு கன்னத்துப் பொட்டு ஒரு ரூபாக் குத்தியளவுக்கு வந்திட்டுது. நாவூறு படக்கூடாது எண்டு நல்லா அழுத்தித் தேய்ச்சு வைப்பன்.

கடைசியில சப்பாத்துக்கூடக் கொள்ளாமல் கால் வீங்கினாப்போல சிவம் ஒரு சத்தம் போட்டார். கலியாணம் முடிச்சு அவர் என்னோட போட்ட முதல் சத்தம் அதுதான். அடுத்த நாள் ஆஸ்பத்திரி வாங்கில இருந்தம். எனக்கு முன்னால இடுப்புப்பிடிப்பு, நாய்க்கடி, நெல்லு வெட்டேக்க கால் கிழிஞ்ச ஒருத்தர். நான் ஏதோ நாவூறை மறைச்சுக்கொண்டு வந்த கள்ளி மாதிரி இருந்தன். டொக்டர் பொம்பிளை, இளம் பிள்ளை. என்ர முழங்காலுக்குக் கீழே பெருவிரலால அமத்தி எடுத்தா. அமத்தின இடம் குழியாவே நிண்டது, பிசைஞ்ச மாவில விரல் வைச்ச மாதிரி. "இண்டைக்கே வாட்டில நில்லுங்கோ அம்மா" எண்டா.

டொக்டர் வருத்தத்தை ஆறுதலா விளங்கப்படுத்தினவா. சிறுநீரகம் எண்டது ஒரு வடி. தேங்காய்ப்பால் பிழிஞ்சு வடிக்கேக்க பால் கீழே போகும், திருவின பூ வடியில நிக்கும். இதுவும் அப்பிடி. ரத்தத்தில இருக்கிற ஊத்தையைச் சலமா விட்டுட்டு, நல்ல புரதத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். என்ர வடியில ஓட்டை பெருத்துப் போச்சு. புரதம் ஒழுகுது. புரதம் குறைஞ்சால் ரத்தத்தில நிக்கவேண்டிய தண்ணி தோலுக்குக் கீழே கசிஞ்சு வீங்கும். அதுக்கு நெப்ரோட்டிக் எண்டு பேர் வைச்சிருக்கினம். "ஓட்டை ஏன் பெருத்தது?" எண்டு கேட்டன். "அதைத்தான் கண்டுபிடிக்கவேணும்" எண்டா.

ஸ்கான் எடுத்த இடத்தில திரையைத் திருப்பிக் காட்டிச்சினம். சாம்பல் நிறத்தில அவரைக்கொட்டை மாதிரி ரெண்டு, இடப்பக்கம் ஒண்டு, வலப்பக்கம் ஒண்டு. அதுதான் என்ர சிறுநீரகம் எண்டிச்சினம். எனக்கு அழுகை வந்திட்டுது. நான் உப்பு வாரேக்கயும், நித்திரை கொள்ளேக்கயும், சிவத்தோட கொழுவேக்கயும் ஒரு சத்தம் இல்லாமல் ரெண்டும் உள்ளுக்க நிண்டு என்னைக் கழுவிக்கொண்டு இருந்திருக்குதுகளே! ஒருநாளாவது நான் அதுகளை நினைச்சிருப்பனோ? முகத்தை மட்டும்தானே பாத்தனான்.

பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி முதுகால ஊசி விட்டுச் சிறுநீரகத்தில ஒரு சதைத்துணிக்கை எடுத்துப் பரிசோதிச்சவை. முதுகை மரக்கப்பண்ணிப்போட்டுத்தான் எடுப்பினம், ஒரு தள்ளு மட்டும் தெரியும். அதிலயும் வடி பழுதானது தெரிஞ்சுது, ஏன் எண்டது தெரியேல்லை. திரும்ப எங்கட வாட்டுக்கு வந்தால் ஒவ்வொரு நாளும் அந்தக் குழாய். ஒவ்வொரு நாளும் அதே வெள்ளை.

பக்கத்துக் கட்டிலில ராஹிலா அக்கா. தண்ணீரூற்று ஆள், புருசனோட புடவை யாவாரம். சீனி வருத்தத்தால காலில புண். என்ர சாப்பாட்டில உப்பை வெட்டினவை எண்டு கேட்டாப்போல அவாக்கு வயிறு நோகச் சிரிப்பு.

"எடி பிள்ளை, ஊருக்கெல்லாம் உப்பு வாரிக் குடுக்கிறவளுக்கு உப்பில்லாச் சோறோ!"

"சிரியுங்கோ அக்கா, சிரியுங்கோ. உங்களுக்குப் பிளேன்ரீயில சீனி இல்லை, எனக்குச் சோத்தில உப்பில்லை. ரெண்டு பேரும் ஒரு கடை போடுவம்."

சிவம் மத்தியானச் சாப்பாடு கொண்டு வருவார். உப்பில்லாத கீரையும் முட்டை வெள்ளையும். ஒருநாள் கேட்டன், "நீங்கள் என்னத்தோட சாப்பிட்டனீங்கள்?" அந்த மனுசன் தலையைச் சொறிஞ்சுகொண்டு, "உதுதான். வேறை வேறையாக் காய்ச்ச ஒரே அலுப்பு, பஞ்சி" எண்டார். பஞ்சியாம்! அவர் வீட்டில உப்புக் குறைஞ்சால் கோப்பையைத் தள்ளிவிடுற மனுசன். நான் மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சன்.

இதில ஒரு பேய்க்கூத்தைச் சொல்லவேணும். கிறீம் டப்பி என்ர தலையணிக்குக் கீழதான் கிடந்தது. பாக்கிறதுக்குச் சனம் வருமெல்லே? அதால வாட்டிலயும் பூசினனான். டொக்டர் ஒவ்வொருக்காலும் கேட்டவா, "வேறை மருந்து ஏதும்? நாட்டு மருந்து? நோவுக்குக் குளிசை?" நான் நெஞ்சில கைவைச்சு "ஒண்டும் இல்லை" எண்டன். நான் பொய் சொல்லேல்லை. கிறீமை ஆர் மருந்து எண்டு நினைச்சது?

ஒருநாள் டொக்டர் சுணங்கி, மத்தியானம் ஆக்கள் பாக்கிற நேரத்தில வந்தா. யன்னல் பக்கம் என்ர முகத்தைத் திருப்பி வீக்கத்தைப் பாத்தவா, அப்பிடியே நிண்டிட்டா. நாடியில விரலை வைச்சு, "முகத்தின்ர நிறம் இதோட முடியுது. கழுத்து வேறை நிறம். முகத்துக்கு என்ன போடுறனீங்கள்?" எண்டு கேட்டா. எனக்குப் பெரிய பெருமை. டொக்டருக்கும் வேணுமாக்கும் எண்டு நினைச்சு டப்பியை எடுத்து நீட்டினன். அவா கையுறை போட்டு வாங்கி, நாலு பக்கமும் திருப்பிப் பாத்து, ஒரு பொலித்தீன் பையில போட்டு இறுக்கி முடிஞ்சா. அந்த முடிச்சைக் கண்டாப்போலதான் ஏதோ பிழை எண்டு எனக்கு விளங்கினது.

"இதுக்குள்ள பாதரசம் இருக்கும் எண்டு நினைக்கிறன். அனுப்பிப் பாப்பம்."

பாதரசம் எண்டால் காய்ச்சல் பாக்கிற பழைய கண்ணாடிக் குழாய்க்குள்ள ஏறி இறங்கிற வெள்ளி. தோலில நிறம் ஊறிறதை அது மறிச்சுப்போடுமாம், அதாலதான் வெளுக்கிறது. அதோட நிக்காது. தோலால உள்ளுக்க இறங்கி, ரத்தத்தோட ஓடிப் போய்ச் சிறுநீரகத்தில தங்குமாம். நான் முகத்தில பூசினது முதுகுப் பக்கம் போய் வடியைக் கிழிச்சிருக்கு. தோலை நான் சுவர் எண்டெல்லோ நினைச்சிருந்தன்!

"வீட்டில வேறை ஆரும் பாவிக்கினமோ? துவாய், தலையணி ஒண்டாப் புழங்கினாலும் மற்றவைக்கும் போகும்."

"ஐயோ இல்லை டொக்டர், நான் ஒருத்தரையும் தொட விடமாட்டன்" எண்டு சொல்லி வாய் மூடேல்லை. யன்னலுக்கு வெளியில ஜெயா மச்சாள் துளசியைத் தூக்கிக்கொண்டு நிக்கிறா. வாட்டுக்குள்ள சின்னப் பிள்ளையளை விடாயினம். துளசி கையை ஆட்டுறாள். கன்னத்தில அந்தப் பெரிய கறுத்தப் பொட்டு.

நான் குழறின குழறலில ராஹிலா அக்கா புண் காலோட எழும்பிட்டா. "அதை அழியுங்கோ! மச்சாள், அதை அழியுங்கோ!" மச்சாளுக்கு ஒண்டும் விளங்கேல்லை, எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சுப் பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. நான் இல்லாத நாளும் அதே சிரட்டையில உரைச்சுத்தான் வைச்சிருக்கிறா, பாவம். நான் டொக்டருக்கு என்ர விரலைக் காட்டினன். இந்த விரலால பூசினது, இந்த விரலால உரைச்சது, இந்த விரலால பிள்ளையின்ர கன்னத்தில அழுத்தித் தேய்ச்சது. நாவூறு படக்கூடாது எண்டு!

என்ர சிறுநீரகம் போனால் போகட்டும் எண்டு அந்த நேரம் உண்மையா நினைச்சன். அந்தச் சின்ன உடம்புக்குள்ள அவரைக்கொட்டை எவ்வளவு சின்னனா இருக்கும்?

துளசியின்ர சலத்தை உடன பாக்கவேணும் எண்டிச்சினம். அவள் ஒண்டுக்கு இருக்கமாட்டன் எண்டிட்டாள். வீட்டில வளவெல்லாம் பெய்து திரியிறவள், போத்தலைக் கண்டவுடன தொடையை இறுக்கிக்கொண்டு நிக்கிறாள். வெளி விறாந்தையில சிவம் தண்ணி பருக்கினார், மச்சாள் கெஞ்சினா, நான் அழுதன். கடைசியில ராஹிலா அக்கா நொண்டி நொண்டி வந்து, தண்ணிப் பைப்பைச் சொட்டுச் சொட்டா விழத் திறந்து விட்டு, "உஸ்ஸ்… உஸ்ஸ்…" எண்டா. பிள்ளை அவாவின்ர வாயைப் பாத்துக் கெக்கட்டம் விட்டுச் சிரிச்சாள். சிரிப்போட போத்தலும் நிறைஞ்சது.

மிஸ் விளக்கைக் கொளுத்தினா. நான் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். குழாயின்ர மேல்பாதி சூடாகுது. சின்னச் சின்னக் குமிழி வருது. என்னுடையது இந்த இடத்தில மங்கத் தொடங்கும், எனக்கு மனப்பாடம். முருகா முருகா எண்டுகொண்டு பாத்தன். கொதிச்சுது. திரும்பவும் கொதிக்க வைச்சா. மங்கேல்லை. மேலேயும் தண்ணி, கீழேயும் தண்ணி. குழாய்க்கு அந்தப் பக்கம் மிஸ்ஸின்ர சட்டைப் பொத்தான் தெளிவாத் தெரிஞ்சது. நான் கோயில் கருவறையில தீபம் பாத்திருக்கிறன், தேரில சாமியைப் பாத்திருக்கிறன், அப்பிடி ஒரு கும்பிடு எனக்குள்ளயிருந்து வந்ததில்லை.

ஆனால் அந்தக் குழாய் வடி கிழியேல்லை எண்டதை மட்டும்தான் சொல்லும், பாதரசத்தைக் காட்டாது. அதுக்குக் கொழும்புக்கு அனுப்பினவை. முடிவு வரும் மட்டும் எனக்குச் சோறு இறங்கேல்லை. வந்தது. என்ர டப்பியில பாதரசம், என்னில கனக்க, துளசியிலயும் இருந்தது, இருக்கவேண்டியதுக்குக் கூட. "நல்ல காலத்துக்கு இப்ப பிடிச்சிட்டம். இனிப் படாட்டில் உடம்பே மெல்ல மெல்ல வெளியில தள்ளும். ஆனால் விடாமல் கிளினிக்குக்குக் கொண்டு வரவேணும்" எண்டா டொக்டர்.

சிவம் வீட்டைப் புரட்டிப் போட்டார். தலையணி உறை, துவாய், என்ர சீப்பு, அந்தச் சிரட்டை, எல்லாத்தையும் பையில கட்டினார். எரிக்கப் போனவரை டொக்டர் போனில மறிச்சவா. எரிச்சால் பாதரசம் புகையாப் போய் மூச்சுக்குள்ள ஏறுமாம், பையோட ஆஸ்பத்திரியில குடுக்கச் சொன்னவா. கிறீம் வித்த பொம்பிளைக்குப் போன் எடுத்தன். கதையைக் கேட்டவுடன என்ர நம்பரை மறிச்சுப்போட்டா. அவா கிடக்கட்டும். உப்பளத்தில என்னோட வேலை செய்யிறவையிட்டைச் சொன்னன், தங்கப் பூ ஒட்டின டப்பி எத்தினை பேரின்ர பையுக்குள்ள இருந்து வந்தது தெரியுமோ! எல்லாரும் வெயிலில நிக்கிறவைதானே. பேர் இல்லாத, செய்தவன் ஆர் எண்டு எழுதாத, கொஞ்ச நாளில ஆளையே வெளுக்க வைக்கிற எந்தச் சாமானையும் தொடாதேயுங்கோ. கெதியா வெளுத்தால் கெதியாப் பயப்பிடுங்கோ.

பேந்து நடந்ததுதான் எனக்கு இண்டைக்கும் நம்ப முடியாதது. கிறீமை விட்டுட்டு, தண்ணி வத்திறதுக்குக் குளிசை, வேறை ரெண்டு குளிசை, உப்பில்லாச் சோறு. அவ்வளவுதான். கிளினிக்குக்குப் போற ஒவ்வொருக்காலும் குழாயில வெள்ளை மெலிஞ்சு மெலிஞ்சு வந்தது. மோர் மாதிரி, பேந்து அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி. ஒருநாள் மிஸ் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப்போட்டு, என்ர கையில தந்தா. தெளிஞ்ச தண்ணி. நான் அவ்வளவு அநியாயம் செய்தும் அந்த ரெண்டு கொட்டையும் கோவிக்காமல் தங்கட வடியைத் தாங்களே தைச்சுப் போட்டுதுகளே! நான் எண்டால் இந்தச் சென்மத்தில மன்னிச்சிருக்க மாட்டன். துளசிக்கும் பாதரசம் இறங்கி, இனிப் பயமில்லை எண்டிட்டினம்.

போன மாசம் சிவத்தின்ர தம்பிக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் கொண்டாட்டம். போனம். கலியாணத்துக்கு வந்த அதே சனம். ஒரு மாமி என்ர நாடியைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்து, "ஐயோ பிள்ளை, என்ன உப்பிடிப் பழையபடி கறுத்துப் போனாய்!" எண்டா. இன்னொருத்தி, "ஓமோம், நல்லாக் கறுத்திட்டாள். மகள் எண்டால் என்ன துடியாட்டம், ஒரு இடத்தில இருக்கிறாளோ!" எண்டா.

எனக்கு அதைக் கேக்க நெஞ்சு நிறைஞ்சு போச்சு. நிறைஞ்ச கையோட பயமும் வந்திட்டுது. இவ்வளவு நல்ல சொல்லை இத்தினை பேர் சொல்லிச்சினமே, பட்டால்? வீட்டை வந்தவுடன முதல் வேலையா, "மச்சாள், எங்கள் ரெண்டு பேருக்கும் ஒருக்காச் சுத்திப் போடுங்கோ" எண்டன்.

"இவ்வளவு பட்டும் நீ உதை விடேல்லையோ?" எண்டு சிவம் சிரிச்சார். விட்டனோ இல்லையோ எனக்கே தெரியாது. மச்சாள் சுத்தினா, துப்பினம், அடுப்பில போட்டா. மிளகாய் பட்டெண்டு வெடிச்சுது. குசினிக்குள்ள ஒரு கமறல் கிளம்பிச்சுது பாருங்கோ, எனக்கு மூச்சடைக்க இருமல். மடியில இருந்த துளசிக்குக் கண் மூக்கெல்லாம் தண்ணி, "அம்மா உறைக்குது" எண்டு சொல்லிச் சொல்லி இருமினாள்.

"ஒண்டும் இல்லை, ரெண்டு பேருக்கும் ஒண்டும் இல்லை" எண்டு மச்சாளும் இருமி இருமிச் சொன்னா. நான் பிள்ளையை வெளியில தூக்கிக்கொண்டு ஓடேல்லை. அவள் இன்னும் ரெண்டு தரம் இருமட்டும் எண்டு அந்தப் புகைக்குள்ளயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தன்.